ஒரு நெடில், இரண்டு குறில்

மார்ச் 3

அண்ணன் அவர்களுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அம்மா போன பிறகு நமக்குள் நடந்த பேச்சையெல்லாம் சேர்த்தாலும் ஒரு அஞ்சலட்டைக்குக் காணாது. நீங்கள் "அப்பா எப்படி இருக்கார்?" என்பீர்கள். நான் "இருக்கார்" என்பேன். அப்படியே காலத்தைத் தள்ளியிருப்பேன். ஆனால் யானை எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

எந்த யானை என்று கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவின் கம்ப்யூட்டர். நாம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அப்பா வாங்கிவந்து, இரண்டு ஆட்கள் மூச்சிரைக்க மாடிக்குத் தூக்கி, அம்மா பார்த்துவிட்டு, "யானையக் கட்டித் தீனி போட நம்மால ஆகுமா?" என்றாளே, அதே பெட்டி. அதே பருத்த டிவி மாதிரித் திரை. நீங்கள் போய், அம்மாவும் போய், மாடியறையில் மிஞ்சியது அதுவும் அப்பாவும்தான்.

அப்பாவின் நிலைமையை நீங்கள் தொலைபேசியில் கேட்ட அளவுக்கு அறிவீர்கள். சாப்பிட்டதை மறக்கிறார். என் மனைவியை நர்ஸ் என்று நினைக்கிறார். என்னை "சார்" என்கிறார். ஆனால் விரல்கள் மட்டும் எதையும் மறக்கவில்லை. காலையில் குளித்து, சட்டையை உள்ளே விட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பழைய வேலைக்குப் போகிற மாதிரி யானை முன்னால் உட்காருவார். வீட்டு வரைபடம் போடுவார். வாழ்நாள் முழுக்க ஊரார் வீட்டையெல்லாம் வரைந்த கை அல்லவா? இப்போது வரைவது ஒரே வீடு. இன்று ஜன்னலைக் கிழக்கே வைப்பார், நாளை மேற்கே தள்ளுவார். மத்தியானம் வரை அவருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.

போன மாதம் ஒருநாள் ஸ்விட்சைப் போட்டார், திரை இருட்டாகவே இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் ஒருவர் காலும் தரையில் நிற்கவில்லை. மேலே போகிறார், ஸ்விட்சைத் தட்டுகிறார், இறங்கி வருகிறார், மறுபடி ஏறுகிறார். அப்புறம் என்னிடம் வந்து நிற்பார்.

"சார், பெரியவன் எங்க? அவனக் கொஞ்சம் வரச் சொல்லுங்க. அவன் கை வச்சா எந்திரிச்சிடும்."

"பெரியவன் வெளியூர்ல இருக்கான்ப்பா."

"அப்ப எப்ப வருவான்?"

இதை ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறார் என்று உங்களுக்கு எழுதப் போவதில்லை. பெருமைப்பட்டுக்கொள்வீர்கள்.

போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். போன முறை ஸ்பீக்கரில் உங்கள் குரலைக் கேட்டுவிட்டு அன்று பொழுது சாயும்வரை கேட்டில் போய் நின்றார். ஈமெயில் போட்டிருக்கலாமே என்பீர்கள். அம்மாவுக்கு நினைவு தப்பியதும் நான் போட்ட ஈமெயிலுக்கு உங்களிடமிருந்து வந்த பதில் எனக்கு மனப்பாடம்: "நான் தற்சமயம் விடுப்பில் இருக்கிறேன். அவசரமென்றால் என் உதவியாளரை அணுகவும்." தானாகப் போகிற பதில்தான், தெரியும். என்றாலும் அந்த வாசலை இன்னொரு முறை தட்டுவதாக இல்லை. தபாலில் ஒரு நல்லது இருக்கிறது. கோபம் போய்ச் சேருவதற்குள் கொஞ்சம் ஆறிவிடும்.

கேட்பது ஒன்றே ஒன்று. இதை எழுப்புவது எப்படி என்று எழுதுங்கள். நீங்கள் வர வேண்டாம். உங்களை வரச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

இப்படிக்கு,
சான்றிதழ்களின்படி உங்கள் தம்பி


மார்ச் 11

அன்புள்ள சின்னவனே,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நின்றபடியே கிழித்துப் பிரித்தேன். யானைக்கு என்று தெரிந்ததும் சிரித்துவிட்டேன். என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம். சின்ன வயதில் என்னை "டேய்" என்று கூப்பிட்டதற்கு அம்மாவிடம் நீ வாங்கிய அடியெல்லாம் வீணா?

நீ இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவன், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் ஒவ்வொன்றாகப் போவோம். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றிப் போடாதே. உனக்கு அந்தக் குணம் உண்டு, அம்மாவின் சுவர்க் கடிகாரமே சாட்சி.

முதலில் ஸ்விட்சைப் போட்டதும் பின்பக்கம் விசிறி சுற்றுகிறதா பார். கையை வைத்தால் காற்று வர வேண்டும். சுற்றினால் மின்சாரம் உள்ளே போகிறது என்று அர்த்தம். அடுத்தது திரை. அதில் சின்ன விளக்கு எரிகிறதா? பின்னால் போகிற கேபிளின் திருகுகள் தளர்ந்திருக்கும், இறுக்கு. அப்பா பெட்டியைத் தட்டுகிற தட்டுக்கு அது தாங்கியதே பெரிது.

அதைவிட முக்கியம், காது கொடுத்துக் கேள். அந்தக் காலத்துப் பெட்டி வாய் பேசும். நெடில் குறில் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? ஒரே ஒரு குறில், பீப் என்று வந்தால் எல்லாம் சுகம். விடாமல் கத்தினால் நினைவகத்தில் கோளாறு. ஒரு நெடில், இரண்டு குறில் என்றால் திரைக்குப் படம் அனுப்புகிற அட்டையில் கோளாறு. எது வருகிறது என்று எழுது, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா சாப்பிடுகிறாரா? நீ ஒழுங்காகத் தூங்குகிறாயா? உன் வீட்டுக்காரியை நர்ஸ் என்கிறார் என்றாயே, அவள் கோபித்துக்கொள்ளவில்லையே? எனக்கும் முழங்கால் வலி. இங்கே சொன்னால் கேட்க ஆளில்லை, அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியவன்


மார்ச் 18

அண்ணனுக்கு,

விசிறி சுற்றுகிறது. காற்று வருகிறது, கூடவே எத்தனையோ வருடத் தூசியும். திரையில் விளக்கு எரிகிறது. கேபிளை இறுக்கினேன். படம் இல்லை.

சத்தமும் இல்லை. குறிலும் இல்லை, நெடிலும் இல்லை. காதைப் பெட்டியில் ஒட்டவைத்துக் கேட்டேன். இவள் கதவருகே நின்று பார்த்துவிட்டு, "உங்க அண்ணனுக்கு நீங்க இவ்வளவு தூரம் காது குடுத்திருந்தா சண்டையே வந்திருக்காது" என்றாள். அவள் யார் பக்கம் என்று இந்த வீட்டில் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ரிப்பேர் கடைக்காரர் ஒருவரையும் கூட்டிவந்தேன். அவர் யானையைச் சுற்றிச் சுற்றி வந்து செல்போனில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டார்.

"சார், எங்க அப்பா கல்யாணத்துக்கு முன்னாடி செஞ்சதா இருக்கும் இது. இதுக்குப் பார்ட்ஸ் கேட்டா என்னைப் பைத்தியம்பான்."

அப்பா அவரிடம் போய், "நீங்க பெரியவனோட ஃப்ரெண்டா?" என்று கேட்டார். கடைக்காரர் சங்கடப்பட்டு "ஆமாங்கய்யா" என்று சொல்லி வைத்தார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போய் வழியனுப்பினார். என் கையை அவர் அப்படிப் பிடித்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்துக்கொண்டே கழற்றிய திருகுகளைத் தரையில் தேடினேன். ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

இந்தக் கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் மேலே போய் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன், மூன்று முறை. ஒன்றும் மாறியிருக்காது என்று தெரியும். தெரிந்தும் போகிறேன். இந்த வியாதி அப்பாவிடமிருந்து எனக்கும் ஒட்டிக்கொண்டது.

நீ எழுதியதைப் படிக்கும்போது ஒன்று தோன்றியது, சொல்லிவிடுகிறேன். (ஆமாம், "நீ". மரியாதை கொடுத்தால் உனக்கு வலிக்கிறது என்று தெரிந்த பிறகு அதையே தொடரலாமா என்று யோசித்தேன். கை வரவில்லை.) "ஒவ்வொன்றாகப் போவோம், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்." அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் போனில் இதையேதான் சொன்னாய். டாக்டரிடம் பேசினாய், ரிப்போர்ட்டை அனுப்பச் சொன்னாய், மருந்தை மாற்றச் சொன்னாய். அங்கிருந்தே அம்மாவை ரிமோட்டில் இயக்கினாய். எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் பெட்டியும் கையுமாக வந்து இறங்கினாய். "விமானம் கிடைக்கல" என்றாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கல்லூரியில் உன்னைவிட நல்ல மதிப்பெண் எனக்கு. வெளியே வேலையும் வந்தது. யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்றார்கள். "யாராவது" என்று பொதுவாகச் சொன்னார்கள். ஆனால் அப்போது எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

சத்தமே இல்லை. அடுத்து என்ன?

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவன்


மார்ச் 27

அன்புள்ள சின்னவனே,

அம்மா விஷயத்தில் நீ சொன்னதற்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். ஒன்றும் சரியாக வரவில்லை. யானையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதுதான் எனக்கு ஒழுங்காக வருகிறது என்று நீ திட்டுவாய். திட்டு.

சத்தமே இல்லை என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. உள்ளே பெரிய பலகையின் ஓரத்தில் சீப்பு மாதிரி வரிசையாக நிற்கிற குட்டி அட்டைகள்தான் நினைவகம். இரண்டு பக்கத்துக் கொக்கியையும் விலக்கி எல்லாவற்றையும் எடுத்துவிடு. ஒன்றுகூட இல்லாமல் ஸ்விட்சைப் போடு. உயிர் இருந்தால் அது கத்தியே ஆக வேண்டும். நினைவு இல்லாமல் எழுந்திருக்கச் சொன்னால் எந்தப் பெட்டியும் கத்தும். அப்போதும் வாய் திறக்கவில்லையென்றால் பலகையே போய்விட்டது. அதற்கு மேல் வைத்தியம் கிடையாது.

அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, புது லேப்டாப் ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே வந்து சேரும். அப்பாவின் பழைய வரைபடப் புரோகிராம் அதிலும் ஓடுகிற மாதிரி உட்கார்ந்து செய்தேன். அதே கறுப்புத் திரை, அதே வெள்ளைக் கோடுகள். அப்பாவுக்கு வித்தியாசமே தெரியாது.

கேட்டில் வெகுநேரம் நிற்க விடாதே. ஒரு நாற்காலியாவது போடு.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணனுக்கு,

வித்தியாசம் தெரியாதாம். உன் லேப்டாப்பைத் திறந்து மேஜை மேல் வைத்தேன். அப்பா வந்தார், பார்த்தார், சுற்றி வந்தார். பெட்டியைத் தேடினார். "தல மட்டும் இருக்கு, உடம்பு எங்க?" என்றார். அப்புறம் அதைப் புத்தகம் மாதிரி மூடி, கீழே கொண்டுவந்து இவளிடம் கொடுத்தார். "நர்ஸம்மா, இது உங்க ஆஸ்பத்திரி சாமான் போலிருக்கு. தவறி எங்க வீட்டுக்கு வந்திடுச்சு." இப்போது இவள் அதில் படம் பார்க்கிறாள். உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

நீ சொன்ன சோதனையைச் செய்தேன். சீப்புப் பல் அத்தனையும் பிடுங்கினேன். விசிறி மட்டும் சுற்றியது. சத்தம் இல்லை. மறுபடி மாட்டினேன். மறுபடி பிடுங்கினேன். சத்தம் இல்லை. ஆக, செத்துவிட்டது. நீ உன் மேஜையில் உட்கார்ந்து மரணச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டாய். உனக்கு இது புதிதில்லை.

அதை விடு. செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நான் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். தெருமுனைப் பழக்கடைக்காரர் போன் செய்தார்.

"சார், உங்க அப்பா பஸ் ஸ்டாண்டுல இருக்காரு. கக்கத்துல என்னமோ பலகை மாதிரி வச்சிருக்காரு. கண்டக்டரு ஏத்தவும் முடியாம எறக்கவும் முடியாம நிக்கறாரு. வெரசா வாங்க."

ஓடினேன். அப்பா பேருந்தின் முதல் இருக்கையில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கக்கத்தில் யானையின் கீபோர்டு. அதன் ஒயர் படிக்கட்டு வரை தொங்கியது.

கண்டக்டர் பாவம், நல்ல மனுஷன். "எங்க போகணும் பெரியவரே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியவன் ஆபீசுக்கு ஒரு டிக்கெட்."

"அது எங்க இருக்குங்க?"

"அவன் இருக்கற எடத்துல. இதக் குடுத்தாப் பாத்துச் சரி பண்ணிடுவான். நீ வண்டிய எடுப்பா."

பேருந்தே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், அவர் யாரோ ஒருவருடைய அப்பாவாக இருந்திருந்தால். கையைப் பிடித்து இறக்கினேன். "சார், நீங்க எதுக்கு? நானே போய்க்குவேன்" என்றார். வீடு வரும்வரை என் கையை உதறிக்கொண்டே வந்தார். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். அவரை நான் எங்கோ கடத்திக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

இனி அந்தப் பெட்டி இந்த வீட்டில் இருக்கக்கூடாது. கண்ணில் படாவிட்டால் மறந்துவிடுவார். எதைத்தான் மறக்கவில்லை? பழைய இரும்புச் சாமான் எடுக்கிறவரிடம் பேசிவிட்டேன். இந்த மாதக் கடைசி சனிக்கிழமை வண்டியோடு வருகிறார்.

நீ ஏன் வருவதே இல்லை என்று ஒரு தடவையாவது நேராகச் சொல். முழங்கால் வலி என்று எழுதாதே. விடுமுறைக்கு மலைக்கெல்லாம் போய் நீ எடுத்துக்கொண்ட படத்தை இவள் போனில் எனக்குக் காட்டிவிட்டாள்.

இப்படிக்கு,
தம்பி


ஏப்ரல் 18

சின்னவனே,

நேராகவே சொல்கிறேன்.

அப்பா தினமும் கேட்கிறாரே ஒரு பெரியவன், அவனுக்குப் பதினேழு வயது. தலை நிறைய முடி. கையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர். எந்தப் பெட்டியைத் தொட்டாலும் எழுப்பிவிடுவான். நான் எப்படி இருக்கிறேன் என்று நீயே படத்தில் பார்த்திருப்பாய். வழுக்கை, தொப்பை, மூக்கில் கனத்த கண்ணாடி. நான் வந்து கேட்டில் நிற்கும்போது அப்பா என்னைப் பார்த்து, "சார், யாரு வேணும்?" என்று கேட்டுவிட்டால்?

நீ தினமும் அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே இருக்கிறாய். எனக்கு ஒரு முறை கேட்கக்கூடத் திராணி இல்லை. நான் தூரத்தில் இருக்கிற வரைக்கும் அவர் மனதில் ஒரு பெரியவன் பத்திரமாக இருக்கிறான். நான் வந்து நின்றால் அவனும் போய்விடுவான்.

நினைவு தப்பிக் கிடந்த அம்மா விஷயமும் கிட்டத்தட்ட இதுதான். அதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

பெட்டியைப் போடுவதென்றால் போடு. உன்னைத் தடுக்க எனக்கு என்ன யோக்கியதை? ஒன்று மட்டும் செய். மூடியைத் திறந்து ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொள். முன்பக்கம், செங்கல் மாதிரி கனமாக இருக்கும். அப்பா வரைந்ததெல்லாம் அதில் இருக்கிறது. அதுவாவது பழைய இரும்போடு போக வேண்டாம்.

அன்புடன்,
பெரியவன்


ஏப்ரல் 27

அண்ணா,

சனிக்கிழமை இரும்புக்காரர் சொன்னபடி வந்தார். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, "ஆச்சா சார்? ஆச்சா சார்?" என்று கீழிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். நான் மாடியில் மூடியைத் திறந்து உன் செங்கலைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்து அறையில் நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

செங்கலைத் திருகுகளோடு வெளியே இழுத்தபோது அதன் பின்னாலிருந்து ஒரு ஒயர் கூடவே வந்தது. ஒரு முனை சின்ன வட்ட ஸ்பீக்கரில் இருந்தது. மறுமுனை எதிலும் செருகாமல் சுருட்டி மடக்கிக் கட்டியிருந்தது. அதன் மேல் சிவப்பு டேப். உன் சைக்கிள் கைப்பிடியில் சுற்றியிருந்தாயே, அதே சிவப்பு.

உனக்கு இப்போது நினைவு வந்திருக்கும். லீவு நாட்களில் அப்பா மத்தியானம் சாப்பிட்டுப் படுத்ததும் நாம் மாடிக்குப் போய் விளையாடுவோம். ஸ்விட்சைப் போட்டதும் வருகிற பீப் சத்தத்தில் அவர் எழுந்துவிடுவார் என்று ஒருநாள் நீ ஒயரைப் பிடுங்கி டேப் ஒட்டினாய். நான் வாசலில் காவல் நின்றேன். அப்புறம் அதைத் திரும்ப மாட்ட இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அன்றிலிருந்து யானை ஊமை. ஊமையை உட்காரவைத்து "பேசு, பேசு" என்று இரண்டு மாதமாகத் தபால் போட்டிருக்கிறோம். நீ இஞ்சினியர், நான் பேராசிரியன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

டேப்பை உரித்து ஒயரைச் செருகினேன். செங்கலையும் மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டேன்.

ஒரு நெடில், இரண்டு குறில்.

படம் அனுப்புகிற அட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் பள்ளத்திலிருந்து மேலே கிளம்பியிருந்தது. தட்டித் தட்டி அப்பா செய்த வேலை. அதன் பல்வரிசை கறுத்துப் போயிருந்தது. பென்சிலின் பின்னால் இருக்கிற ரப்பரால் தேய்த்தேன், மஞ்சளாக மின்னியது. அழுத்திச் செருகிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். ஒரே ஒரு குறில். திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. செங்கல் தொண்டையைச் செருமியது.

அன்றைக்கு நாம் எதற்குப் பயந்தோமோ அது நடந்துவிட்டது. சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்துவிட்டார்.

கதவில் நின்று திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையில் ஸ்க்ரூடிரைவர்.

"பெரியவனே, வந்துட்டியா?"

எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்தேன்.

"எப்படா வந்த?"

"இப்பதாம்ப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது?

"நாந்தான் சொன்னேனே, நீ கை வச்சா எந்திரிச்சிடும்னு. அந்த சார் நம்பவே இல்ல. நல்லவர்தான், ஆனா வேல தெரியாது." என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அது சரி, சத்தம் வருது? அந்த ஒயரத் திரும்ப மாட்டிட்டியா?"

"எந்த ஒயரு?"

"நடிக்காத. சத்தமில்லாம வெளையாடறதா ரெண்டு பேருக்கும் நெனப்பு. கீபோர்டத் தடதடனு தட்டினா கீழ படுத்திருக்கறவனுக்குக் கேக்காதா?"

"கேட்டுக்கிட்டா சும்மா இருந்தீங்க?"

"சின்னவன் சிரிச்சிக்கிட்டு இருந்தான்டா. எங்கிட்ட அவன் எங்க சிரிச்சான்? எப்பப் பாத்தாலும் உம்முனு இருப்பான். அதான் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே கெடப்பேன்."

நான் குனிந்து, தொலைந்துபோன அந்த ஒரு திருகைத் தேட ஆரம்பித்தேன். கீழே இரும்புக்காரர் "ஆச்சா சார்?" என்றார். "நீங்க போங்க" என்று குனிந்தபடியே கத்தினேன்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் சின்னதாக இருந்திருக்கும். அப்பா ஜன்னலைக் கிழக்கே கொண்டுபோய் வைத்தார், கொஞ்சம் தள்ளினார். சட்டென்று கையை நிறுத்தினார்.

"சின்னவன் எங்க?"

நான் கீபோர்டு ஒயரை இன்னொரு முறை அழுத்திச் செருகினேன்.

"காலையில இருந்து காணோமே. சாப்பிட்டானா?"

அன்றிலிருந்து இதுதான். உன்னைக் கேட்பதை விட்டுவிட்டார். நீதான் வந்துவிட்டாயே. இப்போது என்னைக் கேட்கிறார். நேற்றுச் சாயங்காலம் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். நீ சொன்னபடி நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"யாருக்காகப்பா நிக்கறீங்க?"

"சின்னவன் வருவான். கோவிச்சிக்கிட்டுப் போயிருக்கான்போல. ரோஷக்காரன்டா அவன். நாம போய்க் கூப்பிட்டாத்தான் வருவான். கூப்பிடாம விட்டுட்டேன்."

அப்பா என்னை ஒரு தடவை தேட வேண்டும் என்று எனக்கு எத்தனை வருட ஆசை என்று உனக்குத் தெரியாது. தேடினார். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன். துணிந்து சொல்லியும் பார்த்தேன். "நாந்தாம்ப்பா சின்னவன்."

என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "உன் வேலைய எங்கிட்டக் காட்டாதடா பெரியவனே. அவனாவது, இவ்வளவு நேரம் எங்கூடப் பொறுமையா நிக்கறதாவது."

இனி நீ கேட்டதற்குப் பதில். நீ வந்தால் அப்பாவுக்கு உன்னை அடையாளம் தெரியாது. ஆறுதலுக்காக வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வராது. பெரியவன் வேலைக்கு ஆள் சேர்ந்தாயிற்று, அந்த இடம் காலியில்லை. காலியாக இருப்பது சின்னவன் இடம். கேட்டில் வந்து நில். முகத்தைக் கொஞ்சம் உம்மென்று வைத்துக்கொள். வழுக்கை, தொப்பை எதையும் பார்க்க மாட்டார், எனக்கும் இரண்டும் இருக்கின்றன. "கோவமாடா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று சொல். அது போதும், நம்பிவிடுவார். அவர் தேடுகிறாரே, அதற்கு நம் இருவரில் யாராவது ஒருவர் வந்தாக வேண்டும். நான் ஏற்கெனவே இங்கே இருக்கிறேன், என்னால் வர முடியாது.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அம்மா கணக்கு அப்படியே இருக்கிறது. அதை உன் முகத்துக்கு நேராகக் கத்தித்தான் தீர்க்க வேண்டும், தபாலில் முடியாது. அதற்காகவும் வா.

கீழே பெயர் போடப் போய்ப் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். சின்னவன் என்று போட்டால், அவன் இன்னும் வீடு திரும்பவில்லை. பெரியவன் என்று போட இன்னும் மனம் வரவில்லை. அப்பா வாசலில் செருப்பைத் தேடுகிறார், கேட்டுக்குப் புறப்பட்டுவிட்டார் என்று அர்த்தம். அவரையும் கூட்டிக்கொண்டு தெருமுனைத் தபால்பெட்டி வரை நடக்கப் போகிறேன். கையெழுத்து இல்லாமலே இதை அதில் போட்டுவிடுகிறேன்.